நிறமும் நித்தியமும்

பூச்செடி வளர்ப்பது புண்ணியம் என்று மனமுவந்து ஒப்புக்கொள்ளுகிற பெரியவர்களுக்குக்கூட, செவ்வரளிக்குப் பக்கத்தில் நந்தியாவட்டைதான் வேண்டும், வேலியில் நீலச் சங்குபுஷ்பம்தான் படர வேண்டும் என்று ஒருவன் நிறம் பார்த்துச் செடி தேடி அலைவதைக் கண்டால், உள்ளுக்குள் ஒரு சங்கடம் உண்டாகிவிடுகிறது. சுவாமிக்கு நாலு அரளியும் ஒரு கொத்து வில்வமும் போதாதா, கண்ணுக்கு விருந்து தேடுவது வெறும் புலனின்பம் அல்லவா, காலையில் மலர்ந்து மாலையில் வாடுகிற ஒன்றின்மேல் வைக்கும் ஆசை பந்தத்தை வளர்க்குமே ஒழிய அறுக்குமா என்று அவர்கள் கேட்கிறார்கள். அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. ஆனால் தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழ்கிறவர்கள் இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதலில் நிறத்தைத் தேடுகிறவன் செய்கிற காரியம் என்ன என்று பார்ப்போம். எங்கள் வீட்டுப் புறவாசலில், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே, சில பாத்திகளுக்குத்தான் இடம் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் அங்கே வெளிர் நிறங்கள் எல்லாம் வெளுத்துப்போகும். அரளியின் சிவப்பும் கேந்தியின் மஞ்சளுமே அந்த ஒளியைத் தாங்கி நிற்கும். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கி, மலையில் பெய்கிற மழையின் சிதறல் சாரலாக ஊரை நனைக்கத் தொடங்கியதும், அந்த மங்கிய வெளிச்சத்தில் அதுவரை கண்ணில் படாதிருந்த வெள்ளையும் நீலமும் இளஞ்சிவப்பும் துலங்குகின்றன. ஆகையால் வைகாசிக் கடைசியில் காசித்தும்பையை விதைத்து, ஆடியில் அது பூக்கும்போது அதன் பின்னே நந்தியாவட்டை வெண்மையாக நிற்கும்படி இடம் பார்த்து வைக்கிறோம். வெயில் தாளாத கனகாம்பரத்தைக் கொய்யா நிழலில் ஒதுக்குகிறோம். வானம், காற்று, மண், பருவம் ஆகியவற்றின் போக்கை அறிந்து அதற்கு அடங்கி நடக்கிற இந்த ஒழுக்கத்தைப் புலன்களின் அவிழ்த்துவிட்ட ஓட்டம் என்று எவ்வாறு சொல்லுவது?

சாஸ்திரமும் கண்ணைப் பழிக்கவில்லை. கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி போன்ற நூல்கள் பூசைப் பூவுக்கு நியமங்களை வகுத்திருக்கின்றன; பூசைக்குரிய பூவை முகர்ந்து பார்க்கலாகாது என்ற விதியை நாம் அறிவோம். ஆனால் பூச்சி அரித்ததும் வாடியதும் ஆகாது என்று விலக்குகிற அதே மரபு, பறிக்கிறவனுடைய கண் ஒவ்வோர் இதழின்மேலும் விழித்திருக்க வேண்டும் என்று அல்லவா விதிக்கிறது! திருப்புகலூர் முருக நாயனார் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலரையும் கொய்து, இண்டை, கண்ணி, தொடை என்று பலவிதமாகக் கட்டிச் சாத்தினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ என்று பார்க்கத் தெரியாத கண் அந்தத் தொண்டைச் செய்திருக்க முடியாது.

திருச்செந்தூர்த் திருவிழாவில் சண்முகப் பெருமான் சிவப்பு சாத்தியில் சிவனாகவும், வெள்ளை சாத்தியில் பிரமனாகவும், பச்சை சாத்தியில் திருமாலாகவும் எழுந்தருளுவதைக் கண்டவர்களுக்கு, நிறம் வெறும் அலங்காரம் என்ற எண்ணம் தோன்றாது. குற்றாலமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. தில்லையில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், ஆலங்காட்டில் இரத்தின சபை, நெல்லையில் தாமிர சபை என்று ஆடிய பெருமான், குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் தனியே அமைந்த சித்திர சபையில் செப்புத் திருமேனியாக அல்லாமல் சுவரில் தீட்டிய ஓவியமாகவே நின்று ஆராதனையை ஏற்கிறான். இங்கே நிறமே திருமேனி.

அந்த நிறமும் மங்கக்கூடியதுதான். மலையோரத்து ஈரக்காற்றில் சுவர் வர்ணம் சாசுவதமாக நிற்காது. மங்கும்போது மீண்டும் தீட்ட வேண்டும். அதனால் சித்திர சபையில் ஆடுகிறவன் பொய் என்று எந்தப் பக்தனாவது சொன்னது உண்டா? கல்லுக்கும் இதே கதிதான். பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் இராஜகோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழும்பி 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அந்த அரசன் இதை முன்பே உணர்ந்திருந்தான். கோயிலுக்குக் குறை ஏதேனும் நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரைத் தான் பணிவதாக அவன் கல்லிலே பொறித்து வைத்தான். தன் படைப்பு அழியாது என்று செருக்குறாமல், பின்னால் வந்து அதைப் புதுப்பிக்கப்போகிற, முகம் தெரியாத மனிதனின் பாதத்தில் முடிசார்ந்த தலை தாழ்ந்தது என்றால், நிலையாத பொருளைப் பேணுவது எவ்வளவு பெரிய தர்மம் என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வாடுவது பொய் என்ற அனுமானம் சைவ சித்தாந்தத்துக்கு உடன்பாடானதன்று. மாயை வெறும் தோற்ற மயக்கம் அன்று, ஆணவ இருளில் கிடக்கிற உயிருக்கு விடியும்வரை கொடுக்கப்பட்ட விளக்கு என்பது அதன் கொள்கை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமே, உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது என்பதைக் காட்டி, அதை அவ்வாறு தொழிற்படுத்துகிற ஒருவன் உண்டு என்று நிறுவுகிறது. மாறாத பொருளைக் காட்டி அவர் கடவுளை நிறுவவில்லை. மாறுகிற உலகத்தையே சாட்சியாக அழைத்தார். விடியலில் விரிந்து அந்தியில் சுருண்டுவிடுகிற செம்பருத்தியைவிட அந்தச் சாட்சியத்தை அருகிலிருந்து சொல்லுகிறது எது? முற்றிய காசித்தும்பைக் காயை விரல் தொட்ட மாத்திரத்தில் அதன் தோல் சுருண்டு வெடிக்க, விதைகள் உள்ளங்கையில் தெறிக்கின்றன. ஒடுங்கியது அழியவில்லை, அடுத்த சாரலுக்காகக் காத்திருக்கிறது என்று அவை நமக்கு நேரே உணர்த்துகின்றன.

ஆசையால் அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையையே பெறும் என்று சித்தாந்தம் எச்சரிக்கிறது. என் செடி, என் பூ, இந்தத் தெருவில் யாரிடமும் இல்லாத நிறம் என்று ஒருவன் இறுமாந்தால், அவன் சார்ந்தது மலரை அன்று, அகங்காரத்தை. அதற்கு மருந்து செடியைப் பிடுங்கி எறிவது ஆகாது. பூத்ததில் ஒரு பங்கைச் சந்நிதிக்குக் கொடுத்து, ஒரு பங்கை வண்டுக்கும் தேன்சிட்டுக்குமாகச் செடியிலேயே விட்டு, கேட்டவர்க்கெல்லாம் விதையும் பதியனும் மனம்கோணாமல் ஈந்து பழகினால், தோட்டமே துறவைக் கற்பித்துவிடும்.

ஆகையால் கைப்பிடி மண் வாய்த்தவர் எவரும் கூச்சமின்றி நிறம் தேர்ந்து நடுவார்களாக. வாடியதை அகற்றி மறுபடி விதைக்கிற ஒவ்வொரு முறையும், சித்திர சபையில் மங்கிய வர்ணத்தைத் திரும்பத் தீட்டியவர்களும் தென்காசியில் இடிந்த கோபுரத்தை எழுப்பியவர்களும் செய்த அதே பணியைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பாண்டியன் பணிந்த கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு.