அசலூர்த் திருவிழா

சொந்த ஊர்த் தேருக்கு லீவு கேட்காத ஆள், கடல் தாண்டி யாருடைய திருவிழாவுக்கோ காசு செலவழித்துப் போவதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் போகிறோம். போன இடத்தில் நாம் யார் என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். விருந்தாளியா, வேடிக்கை பார்ப்பவரா, வெறும் இடைஞ்சலா?

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஜூன் 23 இரவு திருமுழுக்கு யோவானின் விழா. பெயருக்குத்தான் புனிதர். நெருப்பு மூட்டித் தாண்டுவதும் விடிய விடியத் தெருவில் திரிவதும் கோயிலுக்குள் அடங்குகிற பக்தி அல்ல. 1910-இல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. அடுத்த ஆண்டு, ஊருக்கென்று ஒரு விடுமுறை நாளை முடிவு செய்ய உள்ளூர் நாளிதழ் ஒன்று வாசகர்களிடம் வாக்குக் கேட்டது. பாதிரிமார்களை அவ்வளவாகப் பிடிக்காத அந்தப் புது அரசின் காலத்தில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது இந்தப் புனிதரின் நாளை!

அன்றிரவு தெருவில் இறங்கினால் தலையில் அடி விழும். பிளாஸ்டிக் சுத்தியல், பட்டதும் கீச்சென்று கத்தும். 1960-களில் உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவர் செய்த விளையாட்டுச் சாமான் அது. கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்தார்கள், பிறகு ஊரே எடுத்துக்கொண்டது. என் தலையில் முதலில் தட்டியவன் ஒரு பள்ளிக்கூடப் பையன். அடுத்து ஒரு பாட்டி. கைத்தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, குறி பார்த்து, நிதானமாகத் தட்டினார். பெரியவர்கள் ஆசீர்வதிக்க மட்டுமே தலையைத் தொடுவார்கள் என்று வளர்ந்தவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ சிரிப்பு. திருப்பித் தட்டாவிட்டால்தான் அவருக்கு வருத்தம் என்பது முகத்தில் தெரிந்தது. தட்டினேன். மொழி தெரியாத ஊரில் அதைவிடச் சுருக்கமான அறிமுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

வாசலுக்கு வாசல் கரி அடுப்பு. கல்லுப்பு தூவிய மத்தி மீனை முழுசாக வாட்டி ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருகிறார்கள். ஜூனில் மத்திக்குக் கொழுப்பு ஏறியிருக்கும். மீனைத் தின்று முடிப்பதற்குள் எண்ணெய் ரொட்டியில் இறங்கிவிடும்; கடைசியில் தின்னும் அந்த ரொட்டிக்காகவே இன்னொரு மீன் வாங்கலாம். பக்கத்தில் சின்னச் சின்னத் தொட்டிகளில் பந்து போலக் கத்தரித்த செடி விற்கிறார்கள், நம் திருநீற்றுப்பச்சிலையின் பொடி இலை வகை. நாலு வரிப் பாட்டு எழுதிய காகிதக் கொடி அதில் செருகியிருக்கும். மூக்கை நேரே கொண்டுபோகக் கூடாதாம், செடி வாடிவிடுமாம். உள்ளங்கையால் இலையை வருடி, கையை மோந்து பார்க்க வேண்டும். குனிந்த என்னை விற்கிற அம்மாள் தடுத்து, என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

எல்லா ஊரும் இப்படி அல்ல. இத்தாலியின் சியெனாவில் ஜூலை 2-லும் ஆகஸ்ட் 16-லும் நடக்கும் குதிரைப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் 17 பேட்டைகள், ஒவ்வொரு முறையும் 10 குதிரைகள், சேணம் கிடையாது. ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கே பெரிய மனிதர்கள் தேம்பி அழுகிறார்கள். அங்கே பேட்டை என்பது பிறப்பிலிருந்து வருகிற பற்று. ஜென்மப் பகையும் கூடவே வரும். கடையில் வாங்கிய கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு நாம் கூச்சலிட்டால் அது சாவு வீட்டில் கூலிக்கு அழுவது மாதிரி. சியெனாவில் மரியாதை என்பது ஒதுங்கி நின்று பார்ப்பது. போர்ட்டோவில் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதைக் குறைவு. இந்த வித்தியாசத்தைப் பயணக் கையேட்டை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு, ஊர்க்காரர்கள் நம்மை எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

ஒரு நெருடலும் உண்டு. போர்ட்டோவின் ஆற்றங்கரைப் பழைய வீடுகள் பலவும் இன்று பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் புறநகருக்குப் போகிறார்கள். நான் தங்கிய அறையும் ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீடுதான். வாசலில் அடுப்பு வைக்க ஆள் இருந்தால்தானே மத்தி வாடும்? இதை நினைத்துப் பயணத்தையே விட்டுவிடும் அளவுக்கு நான் உத்தமன் இல்லை. அடுத்த முறை, விடுதி என்றே கட்டிய விடுதியில் தங்குவதாக உத்தேசம். ஆற்றங்கரையிலிருந்து தூரம்தான், நடந்தால் போயிற்று. வழியெல்லாம் தலையில் தட்ட ஆள் இருப்பார்கள்.