பெயரிடுவோர் கடன்

பெயரிடுதல் எளிது, இட்ட பெயருக்குப் பொறுப்பேற்றல் அரிது. கணிப்பொறி நிரல் எழுதுவோர் தம் கோப்புகளை வகைப்படுத்திக் கோப்புறைகளில் இட்டு, அவற்றுக்குப் பெயர் சூட்டும் சிறு செயலிலும் இவ்வுண்மை விளங்குகிறது. இன்று அவசரத்தில் ‘புதியது’ என்பார்கள். நாளை ‘மிகப் புதியது’ என்பார்கள். பெயரிட்டவருக்குப் பொருள் தெரியும். ஆறு மாதம் கழித்து அதனைத் திறக்கும் வேறொருவருக்கு? இது வசதியைப் பற்றிய கேள்வி மட்டுந்தானா? அறத்தைப் பற்றியதும் அன்றோ?

யூனிக்ஸ் அமைப்பின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் அதனை உருவாக்கத் தொடங்கினர். நிரல்களுக்கு ‘பின்’ என்றும், பயனர்களின் கோப்புகளுக்கு ‘யூஎஸ்ஆர்’ என்றும் கோப்புறைகள் அமைந்தன. பயனரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே யூஎஸ்ஆர். முதல் வட்டில் இடம் போதாமற் போகவே, நிரல்களில் ஒரு பகுதி இரண்டாம் வட்டிலிருந்த யூஎஸ்ஆருக்குக் குடிபெயர்ந்தது. காலப்போக்கில் வட்டுகள் பெருத்தன, நெருக்கடி நீங்கியது, பயனர்களின் கோப்புகளும் வேறிடம் சென்றன. பிரிவினை மட்டும் நிலைத்தது. அதற்குப் புதுப்புதுக் காரணங்கள் கற்பிக்கப்பட்டன. ‘யூனிக்ஸ் அமைப்பின் வளங்கள்’ என்று யூஎஸ்ஆருக்குப் புது விரிவுரையும் பிறந்தது! யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் தொகுப்புகளுள் ஃபெடோரா 2012ஆம் ஆண்டிலேதான் இரு பிரிவுகளையும் ஒன்றாக்கியது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 அந்த இணைப்பைக் கட்டாயமாக்கியது.

முன்னோரை நாம் குறைகூற வேண்டியதில்லை. இருந்த இடத்தில் இயன்றதைச் செய்தனர். ஆனால் காரணம் மறைந்த பின்னும் ஏற்பாடு வாழும் என்பதையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. புரியாததைக் கேள்வி கேட்பதினும், அதற்குப் பெருமைமிக்க பொருளொன்றைக் கற்பித்துக்கொள்வது நமக்கு எளிதாயிருக்கிறது. குடும்ப வழக்கங்களிலும் சங்க விதிகளிலும் நாம் இதையே செய்வதில்லையா?

எனவே கடன்கள் இரண்டு. பெயரிடுபவர் காரணத்தையும் விட்டுச்செல்ல வேண்டும். கோப்புறையின் வாயிலிலேயே ‘என்னைப் படி’ என்னும் கோப்பொன்றை வைக்கும் நல்வழக்கம் நிரலாளரிடம் உண்டு. முகமறியா ஒருவருக்கு எழுதிவைக்கும் அச்சில வரிகள், கைம்மாறு கருதாத உதவியே. பெற்றுக்கொள்பவரோ, அறியாததை அறியாததென ஏற்று, உண்மையான காரணத்தைத் தேட வேண்டும். முன்னது அன்பின் கடன்; பின்னது நேர்மையின் கடன். இவற்றுள் ஒன்று தவறினும், பெயர் நிற்கும், பொருள் போய்விடும்.