தாய்ப்பத்திரம் இல்லாத கிரயம்

நிலம் வாங்கப் போகிறவன் முதலில் என்ன கேட்பான்? தாய்ப்பத்திரம் எங்கே என்பான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் வில்லங்கம் ஏதும் உண்டா என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பான். கனடாவின் கிழக்குக் கடலோரத்தில், மிக்மாக் மக்களின் நாட்டில், அரசாங்கம் அந்த மக்களுக்காகத் தனியார் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கும்போது இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் கிரயமே நடக்காது. விற்கிறவனுடைய பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், கடைசியில் வாங்கிக்கொள்ளப் போகிறவர்களின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூ பிரன்ஸ்விக், காஸ்பே தீபகற்பம் என்று இன்று பெயர் வைத்திருக்கிற பகுதிகளெல்லாம் அவர்களுக்கு மிக்மாகி. 1725 தொடங்கி 1761 வரை பிரிட்டிஷ் மன்னரோடு அவர்கள் சமாதான, நட்பு ஒப்பந்தங்கள் செய்தார்கள். அவற்றில் நிலத்தை விற்கிறோம், விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒரு வரி கிடையாது. விற்காத நிலத்தில் கைவைக்கக் கூடாது என்று மன்னரே 1763இல் பிரகடனமும் போட்டார். அப்புறம் நிலம் எப்படி கைமாறியது? கைமாறவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்ட விதத்துக்குப் பிரின்ஸ் எட்வர்ட் தீவைப் பார்த்தால் போதும். மிக்மாக் மக்கள் அதை எபெக்விட்க் என்பார்கள். 1767இல் லண்டனில், ஒரே நாளில், அந்தத் தீவை 67 துண்டாக வெட்டிச் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு விழுந்தவனுக்கு ஒரு துண்டு, கிட்டத்தட்ட 20,000 ஏக்கர். பெரும்பாலானவன் அந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே குடியேறிய ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஏழைகள் இந்தப் பார்க்காத முதலாளிகளுக்கு நூறு வருடம் குத்தகை கட்டினார்கள். கட்ட மறுத்துப் போராடினார்கள். கடைசியில் 1873இல் தீவு கனடாவோடு சேர்ந்தபோது, முதலாளிகளிடமிருந்து நிலத்தை வாங்க 8,00,000 டாலர் ஏற்பாடு ஆனது. 1875இல் சட்டம் வந்தது. விற்க மாட்டேன் என்றவனையும் விற்க வைத்தது அந்தச் சட்டம். வாங்கிய நிலத்தை உழுகிறவனுக்கே தவணையில் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே தீவில், அதே காலத்தில், அந்த மண்ணின் முதல் சனங்களுக்கு என்ன நடந்தது? அவர்கள் ஒதுங்கி வாழ்ந்த லெனாக்ஸ் தீவும் ஒரு முதலாளி குடும்பத்தின் பேரில் இருந்தது. 1870இல் லண்டனிலுள்ள ஒரு தர்ம சங்கம், பூர்வகுடிகள் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர், அதை விலைக்கு வாங்கி மிக்மாக் மக்களுக்காக வைத்தது. குடியேறிய விவசாயிக்குச் சட்டம் போட்டு, கடன் வாங்கி, முதலாளியின் கையை முறுக்கி நிலம் வாங்கித் தருகிற அரசு இருந்தது. மிக்மாக் ஆளுக்குத் தர்மவான்களின் உண்டியல் இருந்தது. இரண்டுமே தனியாரிடம் நிலம் வாங்குவதுதான். ஒன்றுக்கு நிலச் சீர்திருத்தம் என்று பெயர் வந்தது, இன்னொன்றுக்குக் கருணை என்று.

அரசு தானே முன்வந்து இவர்களுக்கு நிலம் வாங்கிய கதையும் உண்டு. அது இதைவிட மோசம். கேப் பிரெட்டனில் சிட்னி என்றொரு நகரம், இரும்பாலை நகரம். அங்கே கிங்ஸ் ரோடு ஓரத்தில், கடல் பார்த்தாற்போல, சில ஏக்கரில் மிக்மாக் ரிசர்வ். ஊர் வளர்ந்ததும் பக்கத்து நிலக்காரர்களுக்கு அது கண்ணில் குத்தியது. 1911இல் கனடா இந்தியச் சட்டத்தைத் திருத்தியது. 8,000 பேருக்குக் குறையாத நகரத்தை ஒட்டி ரிசர்வ் இருந்தால், அந்த மக்களின் சம்மதம் இல்லாமலேயே நீதிமன்றம் அவர்களை அகற்ற உத்தரவிடலாம். 1916இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவர்கள் பக்கத்தில் இருக்க யாருக்கும் விருப்பமில்லை, இவர்கள் போய்விட்டால் அக்கம்பக்கத்து நிலத்துக்கு மதிப்பு கூடும் என்பது தீர்ப்பின் நியாயம். பிறகு கடலை விட்டுத் தள்ளி வேறு நிலம் வாங்கி, 1926 வாக்கில் சனங்களை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். அதுதான் மெம்பெர்ட்டூ. இங்கேயும் கிரயம் முறையாகத்தான் நடந்தது. யாருக்காக நடந்தது என்பதுதான் கேள்வி.

பக்கத்தில் இருந்தால் நிலத்துக்கு மதிப்பு போய்விடும் என்ற வாதத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். அதே மன்னரின் ஆட்சியில் 1892இல் சென்னை அரசு பஞ்சமருக்கென்று நிலம் ஒதுக்கியது. மற்ற சாதிக்காரனுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் போய்விட்டது. 1994இல் காரணை நிலத்தைக் கேட்டதற்காக எழுந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு இரண்டு உயிர் போனது. மிக்மாக் ரிசர்வும் அப்படித்தான், யாரும் விற்க முடியாது என்று பாதுகாப்புச் சொன்ன சட்டமே 1911இல் கதவைத் திறந்துவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்களிடம் மன்னர் தரப்பு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாவது இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தையும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. பெருந்தலைவர் கேப்ரியல் சிலிபாய் வேட்டையாடிய வழக்கில் 1752 ஒப்பந்தத்தைக் காட்டினார். நாகரிகமில்லாத கூட்டத்தோடு செய்தது ஒப்பந்தமே ஆகாது என்று 1928இல் தீர்ப்பு. அந்த ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1985 ஆனது. சிலிபாய்க்கு மன்னிப்பு வந்தது 2017இல், அவர் செத்து அரை நூற்றாண்டு கழித்து. (குற்றமே செய்யாதவனுக்கு மன்னிப்பு!) நடுவில் 1927 முதல் 1951 வரை, நிலவழக்கு நடத்த அரசின் அனுமதியில்லாமல் பூர்வகுடிகளிடம் காசு திரட்டுவதே குற்றம். 2005இல் மரம் வெட்டிய வழக்கில், வெட்டிய அந்த இடங்கள் உங்கள் பாத்தியதை என்று நீங்கள் நிரூபிக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம். லண்டனில் சீட்டுக் குலுக்கியவனிடம் யார் நிரூபணம் கேட்டார்கள்?

இப்போது நியாயக் கேள்விக்கு வருகிறேன். அரசு வாங்கித் தருகிற நிலத்தை வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பதற்கு வலுவான வாதம் இருக்கிறது. என் நிலத்தை எனக்கே வாங்கிக் கொடுக்க நீ யார்? நீ காசு கொடுத்து வாங்கினாலே, விற்கிறவன்தான் சொந்தக்காரன் என்று ஆகிவிடுகிறதே? நான் கைநீட்டினால் நானும் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாக ஆகாதா?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டில் இடமில்லாமல் மூன்று குடும்பம் நெருக்கிக்கொண்டு இருக்கிறவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. கொள்கையைக் காப்பாற்ற அடுத்தவன் பிள்ளை வெளியில் படுக்கணும் என்பது, பெரும்பாலும் வீடு உள்ளவன் பேசுகிற பேச்சு.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று அந்த நிலத்தில் இருக்கிறவன் திருடனா? அவன் பாட்டன் ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று நிலக்கிழாரால் துரத்தப்பட்டு வந்தவனாக இருக்கலாம். 1755இல் வெள்ளையரே வெள்ளையரைக் கப்பலேற்றித் துரத்திய அக்காடியர் வம்சமாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கி, உழைத்து வைத்திருக்கிறான். அவனை வெளியே போடா என்றால் அது இன்னொரு கிங்ஸ் ரோடு. ஆக, விற்கச் சம்மதிக்கிறவனுக்குச் சந்தை விலை கொடுத்து வாங்குவது சரிதான். ஆனால் அந்தக் காசை ஏன் அரசு கொடுக்கிறது? தன்னுடையது அல்லாததை முதலில் பட்டா போட்டுக் கொடுத்தது அரசு, அதனால். இது நலத்திட்டம் இல்லை, கடன் அடைப்பு. கடனை அடைக்கிறவன் மாலையும் மேடையும் எதிர்பார்க்கக் கூடாது. இத்தோடு எல்லாம் தீர்ந்தது என்று நம்மிடம் எழுதி வாங்கவும் கூடாது. நான் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். நிலம் வாங்கிக்கொள், மீதிக் கணக்கு முடிந்தது என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதே.

யார் பேரில் பத்திரம் என்பதும் இருக்கிறது. ரிசர்வ் நிலம் மக்களின் உபயோகத்துக்கு, பாத்தியதை மன்னருக்கு. ஒரு சமூகம் தன் சொந்தக் காசில் சந்தையில் நிலம் வாங்கினாலும், ரிசர்வாகச் சேர்க்க வேண்டுமென்றால் மன்னர் பேரில் எழுதிக்கொடுத்து வருடக்கணக்கில் காத்திருக்கணும். சேர்க்காவிட்டால் வரி கட்டணும், கடனில் முழுகினால் ஜப்தியில் போகும். பாதுகாப்பு வேண்டுமா, பாத்தியதை வேண்டுமா என்று தேர்வு செய்யச் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்று கேட்பது பேராசையாம்.

மெம்பெர்ட்டூ இன்று வசதியான சமூகம். அவர்கள் முன்னின்று நடத்திய மிக்மாக் கூட்டமைப்பு, ஒரு கூட்டாளி நிறுவனத்தோடு சேர்ந்து, 2021இல் கிளியர்வாட்டர் என்ற பெரிய மீன் கம்பெனியைச் சுமார் நூறு கோடி டாலர் பேரத்தில் வாங்கியது. பார்த்தீர்களா, துரத்தியதும் நன்மைக்குத்தான் என்று சொல்ல ஆளிருக்கிறது. கடலை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கடலுக்குள் போகிற உரிமத்தைக் கடன் வாங்கி விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். வீடு நிற்கிற மெம்பெர்ட்டூ மண்ணின் பாத்தியதை இன்னும் மன்னர் பேரில்தான் இருக்கிறது.