கொல்லைப்புறத்து மின்மினி



சித்திரை பிறந்ததிலிருந்து வானம் கருப்பதும் கலைவதுமாக இருந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம் இடி இடித்து, காற்றடித்து, முக்கால் மணி நேரம் நல்ல மழை. ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் பூமி எங்களுடையது. மழை விட்டதும் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்குள் ஒரே புழுக்கம். பேத்தியைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். சென்னையில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருக்கிறாள். கொல்லைக் கதவைத் திறந்தவள் சட்டென்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, அங்க யாரோ டார்ச் அடிக்கிறாங்க."

குளிக்கிற தண்ணீர் போய்ச் சேரும் வாழையடியில் ஒரு வெளிச்சம். அணைந்தது. பலா மரத்துப் பக்கம் இன்னொன்று. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றோம். பத்து, பதினைந்து என்று எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"மின்மினி ஆத்தா" என்றேன்.

"அதுக்கு யாரு சார்ஜ் போடுறா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் அந்த வாழையடியிலேயே கிடக்கிறது. மின்மினி உண்மையில் வண்டு இனம். முட்டையிலிருந்து வரும் புழு மாதக்கணக்கில், சில இனங்களில் ஒரு வருடத்துக்கும் மேலாக, ஈரமண்ணிலும் சருகுக்கடியிலும் வாழ்கிறது. நத்தையும் மண்புழுவும்தான் அதற்குச் சாப்பாடு. தன்னைவிடப் பெரிய நத்தையைக்கூடக் கடித்து, விஷத்தால் மரத்துப்போகச் செய்து தின்றுவிடும். அந்தப் புழுவுக்கும் வெளிச்சம் உண்டு. இறக்கை முளைத்துப் பறக்கிற வாழ்வு சில வாரங்கள்தான். அப்போது பல இனங்கள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடுவதில்லை. ஆக, நாம் பார்க்கிற வெளிச்சமெல்லாம் சருகுக்கடியில் தின்று சேர்த்துவைத்த நத்தைதான்.

ஒன்று தாழப் பறந்து வந்தது. மெதுவாக உள்ளங்கையில் ஏந்திப் பேத்தியிடம் காட்டினேன். "சுடுமா?" என்று கையைப் பின்னால் இழுத்தாள். சுடாது. லூசிஃபெரின் என்ற பொருளும் மூச்சில் வரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதன் வயிற்றுக்குள் எரிகிறது. ஆனால் அதில் சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவள் கையில் விட்டேன். கையை மூடினாள். விரலிடுக்குகள் வழியே இளம்பச்சை வெளிச்சம் வந்து வந்து போனது. அவள் நகக்கண்கூடத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் வயிற்றின் நுனியில் வெளுப்பாக இரண்டு வளையம். நம் பக்கம் பறக்கிற வகையில் இரண்டு வளையம் இருந்தால் ஆண், ஒன்று இருந்தால் பெண். திறந்த கையிலிருந்து அது கிளம்ப மனமில்லாததுபோல விரல் நுனிவரை நடந்து போய், அப்புறம்தான் பறந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து மினுக்கும். காலையில் பார்த்தால் செத்துக் கிடக்கும். அப்பத்தா திட்டும். தூக்கணாங்குருவி ஈரமண்ணில் மின்மினியை ஒட்டிவைத்துக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று கதை சொன்னதும் அப்பத்தாதான். பனையிலிருந்து விழுந்த கூடுகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மண் இருந்தது, மின்மினி இல்லை. ஆனாலும் அந்தக் கதை என்னை விட்டுப் போகவில்லை.

நம் ஆட்கள் இதை எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? அகநானூற்றின் 72ஆம் பாட்டில் ஒரு கரடி கறையான் புற்றைத் தோண்டுகிறது. புற்றெல்லாம் மின்மினி மொய்த்திருக்கிறது. அதைப் பார்த்த புலவருக்கு இரும்படிக்கும் கொல்லன் நினைவுக்கு வருகிறான், பட்டறையில் பறக்கிற பொறி நினைவுக்கு வருகிறது. இருட்டிலே நின்று பார்த்த ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றியிருக்கும்.

இந்த இருட்டைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். பறந்துகொண்டே மினுக்குகிறது ஆண். புல்லிலோ செடியிலோ உட்கார்ந்தபடி பதில் மினுக்குகிறது பெண். அந்தப் பதிலைப் பார்த்துத்தான் ஆண் இறங்கி வர வேண்டும். கொல்லையில் ஒரு எல்.இ.டி. பல்ப் விடிய விடிய எரிந்தால் அந்தப் பேச்சு நடக்காது. உலகம் முழுக்க மின்மினி ஆய்வாளர்களிடம் கேட்டுத் திரட்டிய கட்டுரை ஒன்று 2020இல் வெளிவந்தது. வாழிடம் அழிவதை முதல் ஆபத்தாகவும், அதற்கு அடுத்து செயற்கை வெளிச்சத்தையும் பூச்சிமருந்தையும் அது சொல்கிறது. மூன்றும் நம் ஊரிலேயே இருக்கின்றன. தைலமரக் காட்டோரம் ராத்திரி எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், ஒரு மினுக்கம் பார்த்ததில்லை. சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்று விட்டுவைத்த அய்யனார் கோயில் காட்டுக்குள் மழைக்காலத்தில் போனால் பார்க்கலாம்.

எங்கள் கொல்லையிலும் பல வருடமாக ஒன்றும் தென்படவில்லை. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து மழையிலும் சேற்றிலும் கம்பம் நட்டார்கள். அப்படியும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த நாட்களில் ஒரு ராத்திரி, விழுந்து கிடந்த பலா மரத்துக் கிளைகளுக்குள்ளே நாலைந்து மின்மினி. வளர்த்த மரம் போன துக்கத்தில் இருந்தவனுக்கு அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அவை எங்கேயும் போகவில்லை. நான் போட்டுவைத்த விளக்கில் தெரியாமல் இருந்திருக்கின்றன.

கொல்லை விளக்கை அணைத்தால் பாம்பு பயம் உண்டே என்பீர்கள். பயம் நியாயமானது, நானும் பயப்படுகிறவன்தான். அதனால் விளக்கைக் கழற்றவில்லை. கதவருகே சுவிட்ச் வைத்தேன். போகும்போது போட்டு, வந்ததும் அணைத்துவிடுகிறோம். கையில் டார்ச்சும் இருக்கும். வாழையடியில் மருந்தடிப்பதையும் விட்டுவிட்டோம்.

ஆனைமலை டாப்ஸ்லிப் பக்கத்துக் காடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. ஒரு மரம் தொடங்க அடுத்த மரம் வாங்கிக்கொள்கிறது. அந்தக் காட்சியைப் படமெடுத்த ஸ்ரீராம் முரளிக்கு 2023இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் பரிசு கிடைத்தது. பேத்திக்குப் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். "நம்ம வீட்லயும்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் வாழையடியில் உட்கார்ந்து தேடியிருக்கிறாள். இலைக்கடியில் ஒன்று கிடைத்தது. அரை அங்குலம்கூட இல்லாத பழுப்பு வண்டு, தலையைக் கழுத்துத் தகட்டுக்கடியில் இழுத்துக்கொண்டு கிடந்தது. "இதுவா அது?" என்று இரண்டு தடவை கேட்டாள். இலையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

வாரம் ஒருமுறை சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வாரமும் விளக்குமாற்றோடு போன பாட்டியின் கையிலிருந்து பேத்தி அதை வாங்கித் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.