படியெடுப்புத் தடையும் அறமும்: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை முன்வைத்து

முன்னுரை

பிறர் உழைத்து ஆக்கிய மென்பொருளை விலை கொடாது படியெடுத்தல் களவின்பாற்படும். ஆதலின் தம் ஆக்கத்திற்குப் பூட்டிடும் உரிமை ஆக்குநர்க்கு உண்டு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் அப்பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. எனினும் பூட்டின் சுமையைத் தாங்குபவர் யார் என்பது சட்டத்தோடு முடியாத அறவினாவாகும். அதனைத் தொலைதீவில் வாழும் நுகர்வோர் நிலையில் நின்று இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆக்குநரின் தெரிவு

மேசைக் கணினிக்கான மென்பொருள் அங்காடியை ஆப்பிள் நிறுவனம் 2011 சனவரி 6 அன்று திறந்தது. அங்கு வாங்கும் மென்பொருளுடன் மின்னணுப் பற்றுச்சீட்டு ஒன்று வரும். அதனைச் சரிபார்ப்பதா, விடுவதா என்பது ஆக்குநரின் விருப்பமே. ஸ்டீம் அங்காடியிலும் அதன் பூட்டைப் பயன்படுத்துவது கட்டாயமன்று. எனவே பூட்டால் விளையும் நன்மை தீமைகளில் ஆக்குநர்க்கும் பொறுப்புண்டு எனலாம்.

தீவும் பூட்டும்

2015 நவம்பரில் அப்பற்றுச்சீட்டுகளுக்குரிய சான்றிதழ் காலாவதியாயிற்று. விலை கொடுத்து வாங்கியோர் பலரின் மென்பொருள்கள் திறக்க மறுத்தன. இணைய இணைப்பு இல்லாதோர் மீண்டும் இணைப்புப் பெறும் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நாளில் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் செயற்கைக்கோள்வழி இணையத்தையே நம்பியிருந்தன. சென்னையில் சில நிமிடங்களில் தீரும் இத்தகைய இடர், கார் நிக்கோபாரில் நாள்கணக்கில் நீளக்கூடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பின்னரும் வினா எஞ்சி நிற்கிறது. இணைப்பு அறும் நாளில், பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப்படி இயங்கும்; நேர்மையாக வாங்கிய படியோ முடங்கும். களவைத் தடுக்க வந்த பூட்டு கள்வனை விட்டு வாங்கியவரையே தடுக்கும் முரண் இதுவாகும்.

தனியாக உழைக்கும் சிறு ஆக்குநர்க்கு வேறு காவல் இல்லை என்பது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆயின் காவல் வேண்டும் என்பதால் ஓயாத கண்காணிப்பும் வேண்டும் என்றாகாது. வாங்கும்பொழுது ஒருமுறை சரிபார்த்து, பின்னர் இணையமின்றியும் இயங்கவிடுதல் இயலும். முறையாகப் பெற்றவர் இழப்பினின்று காத்துக்கொள்ளப் படியெடுக்கலாம் எனப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இடமளித்தல் நோக்கத்தக்கது.

முடிவுரை

பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிக அறம் என்பது வள்ளுவம். விற்றபின் அம்மென்பொருளின் பயன் வாங்கியவர்க்கு உரிய பொருளாகும். பூட்டும் உரிமை ஆக்குநருடையது; திறவுகோலை வாங்கியவர் கையில் விட்டுவைப்பது அவ்வுரிமையோடு பிறக்கும் கடமை. கடற்கரை தாண்டியதும் அக்கடமை குறைந்துவிடாது.