பாலம் வரட்டும் என்று காத்திருக்காதே!

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூரின் தேக்கா பக்கம் நடந்தால் ஒரே பேச்சு பல வாய்களில் கேட்கிறது. "காசு கொஞ்சம் சேரட்டும், அப்புறம் படிக்கலாம்." "எஸ் பாஸ் வேலை அனுமதி கிடைக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்." "ஆங்கிலம் நல்லா வரட்டும், அப்புறம் பேசலாம்." தம்பி, அந்த 'அப்புறம்' என்றைக்கு வரும்? எந்தக் காலண்டரிலாவது அதற்குத் தேதி போட்டிருக்கிறதா?

நீ நிற்கும் இந்த ஊரின் கதையைக் கேள்.

1903-ல் சிங்கப்பூரின் ரயில் பாதை உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் கடல், ஜோகூர் நீரிணை. 1909-ல் அக்கரையில் ஜோகூர் ரயில் பாதை முடிந்து, வடக்கே மலாயாவோடு இணைந்தது. இந்தக் கரையில் தண்டவாளம், அந்தக் கரையில் தண்டவாளம், நடுவில் தண்ணீர். பாலமோ இல்லை. சரக்கு காத்துக் கிடந்ததா? இல்லை! ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள்.

ரயில் படகு எப்படி வேலை செய்கிறது என்று கவனி. படகின் தளத்திலேயே தண்டவாளம் இருக்கும். கரை அசையாது, கடலோ ஓதத்தில் ஏறும், வற்றத்தில் இறங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கும் ஒரு சாய்தளம் வேண்டும். முழு ரயிலையும் ஒரே தடவையில் ஏற்ற முடியாது. கொக்கியைக் கழற்றி, சில வேகன்களாகப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும். ஒரே பக்கம் ஏற்றினால் படகு சாய்ந்துவிடும். இடமும் வலமும் பார்த்துப் பாரத்தைப் பங்கிட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சங்கிலியால் இறுக்கிய பிறகே படகு புறப்படும். மறுகரையில் இறக்கி, மீண்டும் கோத்தால் ரயில் தன் வழியே ஓடும்.

இதற்கெல்லாம் முன்னோடி ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகம். கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்கும் சாய்தளத்தைத் தாமஸ் பௌச் என்ற பொறியாளர் வடிவமைத்தார். 1850-ல் 'லெவியாத்தன்' என்ற படகு அங்கே வேகன்களைச் சுமக்கத் தொடங்கியது. அந்தக் கழிமுகத்துக்கு ரயில் பாலம் வந்தது 1890-ல். பாலம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் 40 ஆண்டு வீணாகியிருக்கும்!

ஜோகூர் நீரிணையைக் கடந்த சரக்கில் மலாயாவின் ரப்பரும் உண்டு. விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் பால்மரம் சீவியவர்களில் நம் தமிழர் ஏராளம். அவர்களின் வியர்வையும் அந்தப் படகுகளில்தான் கடல் தாண்டியது.

சரக்கு பெருகியது. 1917 வாக்கில் படகுகள் திணறின. இனி தாங்காது என்ற நிலை வந்த பிறகே, பொதுப்பணித் துறை இயக்குநராக இருந்த எயர் கென்னி கடலைக் கல்லால் நிரப்பிக் கடற்பாலம் போடலாம் என்றார். 1919-ல் வேலை தொடங்கியது. புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வந்தது. 1923 செப்டம்பர் 17 அன்று சரக்கு ரயில் கடலைக் கடந்தது. அக்டோபர் 1 முதல் பயணிகள் ரயிலும் ஓடியது. 1924 ஜூன் 28-ல் அதிகாரபூர்வத் திறப்பு விழா.

அந்தப் பாலத்தை வரவழைத்தது எது? படகு சுமந்த பாரம்! இந்தக் கரையிலேயே சரக்கு குவிந்து கிடந்திருந்தால், இங்கே பாலம் தேவை என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? வாய்ப்பும் அப்படித்தான். உழைத்துத் திணறுகிறவனைத் தேடித்தான் அது வரும். ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு அது வழி கேட்டு வராது.

ஆகவே, இன்றைக்கே பிரித்து ஏற்று! டிப்ளமா மலையாகத் தெரிகிறதா? முதலில் ஒரு பாடம், ஒரு சான்றிதழ். ஆங்கிலம் பயமுறுத்துகிறதா? காலையில் லாரியில் வேலைக்குப் போகும் நேரத்தில் பத்துச் சொல்; மாலைக்குள் அதில் ஐந்தையாவது மேற்பார்வையாளரிடம் பேசிவிடு. தப்பாகப் பேசு, பரவாயில்லை. பேசாமல் இருப்பதுதான் தப்பு. பாரத்தையும் பங்கிடு. ஊருக்கு அனுப்பும் பணம் ஒரு பக்கம் என்றால், உன் படிப்புக்கு ஒதுக்கும் பணம் மறுபக்கம் இருக்கட்டும். தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு மருத்துவம் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் ஏற்றிவிட்டு, நீ சாய்ந்து போனால் அந்தக் குடும்பத்தை யார் கரை சேர்ப்பது?

நிலைமை ஏறும், இறங்கும். சம்பளம் கூடும், ஓவர்டைம் குறையும், முதலாளி மாறுவார். நீ வளைந்து கொடு. புறப்படுவதை மட்டும் நிறுத்தாதே.

இன்று அதே நீரிணையில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரைச் சுமக்கும் ஆற்றலோடு சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை திட்டமிடப்பட்டிருக்கிறது. படகைத் திணறடித்த பாரம் கடற்பாலத்தைக் கொண்டுவந்தது. கடற்பாலத்தைத் திணறடித்த நெரிசல் இந்த ரயிலைக் கொண்டுவருகிறது. உன் உழைப்பும் திணறும் அளவுக்குப் பெருகட்டும். அடுத்த வகுப்புக்கு இந்த வாரமே பெயர் கொடு. கையில் இருப்பது சின்னப் படகுதானே என்று தயங்காதே. ஏற்று, கட்டு, புறப்படு!