இந்த வாரத்துக்கு இவ்வளவு

ஒட்டுப்போர்வை தைக்கிற பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. வாரம் தொடங்கும்போது இந்த வாரத்துக்கு இவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். வாரம் முடிந்ததும் அதற்கு நேராக நடந்ததை எழுதுவார்கள். குயில்ட் என்று இப்போது எல்லாரும் சொல்கிற அந்தப் போர்வையை நானும் தைக்கிறேன். என்னிடமும் அப்படி ஒரு டைரி இருக்கிறது. அதைப் புரட்டினால் துணியைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் தெரியும். ‘ஆறு கட்டம் தைக்க வேண்டும்’ என்று ஒரு பக்கம், எதிரே ‘இரண்டு. மாமாவுக்குக் கண் ஆபரேஷன்.’ ‘ஓரப்பட்டி முடிக்க வேண்டும்’ என்று இன்னொரு பக்கம். எதிரே ‘தொடவே இல்லை. பையனுக்குப் பரீட்சை.’ பெரும்பகுதி பிறருக்கென்று போய்விடுகிற ஒரு வாரத்திடம் நமக்கென்று எவ்வளவு கேட்கலாம்? தைக்க உட்காரும்போதெல்லாம் எனக்குள் ஓடுகிற கேள்வி இது.

இது ஒரே வேலை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என்று குயில்ட்டுக்கு மூன்று அடுக்கு. (எங்கள் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டியதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட நூல்புடவை ஒன்றே நடு அடுக்குக்குப் போதும்.) தைப்பதன் ஒவ்வொரு படியும் வீட்டிடம் வெவ்வேறு விதமாகக் கேட்கும். வெட்டுவதற்கு ஒரு மேசையும் சிதறாத கவனமும் வேண்டும். கால் இஞ்சு தையலுக்கு விட்டு வெட்டும்போது நூலளவு பிசகினாலும், பத்துத் துண்டு சேர்கையில் கட்டம் கோணிக்கொள்ளும். யாராவது “அம்மா” என்று கூப்பிடக்கூடிய மாலையில் வெட்டக் கூடாது. துண்டுகளை இணைப்பது அப்படியில்லை; குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் மிஷினில் ஒரு வரிசை ஓட்டிவிடலாம். மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்துத் தற்காலிகத் தையல் போடுகிற அன்றைக்கோ ஹால் தரை முழுதும் வேண்டும். சோபாவை நகர்த்த வேண்டும், வீட்டில் உள்ளவர்கள் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். எல்லாருடைய ஒப்புதலும் வேண்டியிருக்கிற ஒரே நாள் அதுதான். அதற்குப் பிறகு மூன்றையும் சேர்த்துக் கையால் போடுகிற ஓட்டுத் தையல் மாதக்கணக்கில் நீளும். ஆனால் அதற்கு மடியும் வெளிச்சமும் இருந்தால் போதும். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நடக்கும்.

ஆகவே துணியைப் பார்த்து இலக்கு வைப்பதில் பயனில்லை. வரப்போகிற வாரத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கல்யாண வாரத்தில் வெட்டுகிற வேலையை எழுதினால் அது நடக்காது. பரீட்சை வாரத்தில் கைத்தையலை எழுதலாம். பிள்ளை படிக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் தைக்க, இருவருக்கும் அந்த மௌனம் நல்லது. வாரம் எப்படி இருக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணிப்பது தையலைவிடக் கடினமான திறமை என்றுதான் நினைக்கிறேன். அதோடு இன்னொன்றிலும் நான் உறுதியாக இருக்கிறேன்: போன வாரத்துப் பாக்கியை இந்த வாரத்தின் தலையில் ஏற்றுவதில்லை. ஏற்றத் தொடங்கினால், ஆசையாக எடுத்த வேலை கடன் கணக்காகிவிடும். கடனுக்குப் பயந்து ஊசியையே தொடாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

“ஏம்மிணி, கடையில போர்வை கெடைக்காமயா இத்தன மாசமா இதையே தெச்சுட்டிருக்கற?” என்று மாமியார் ஒருமுறை கேட்டார்.

“கெடைக்குமுங்க அத்தை. எனக்குன்னு ஒரு வேலை வேணுமுங்க” என்றேன்.

“வீட்டுல இருக்கற வேலை பத்தலையாக்கும்?”

அவர் அந்த வேலைகளையெல்லாம் என்னைவிட அதிக வருஷம் பார்த்தவர். அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. 2024 கணக்கெடுப்பில் அது 289, 88 என்று ஆனது. இரண்டுமே கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. நடுவிலுள்ள மூன்று மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அந்த 289 நிமிடத்துக்குள் வாழ்கிற ஒருத்தி ‘இந்த வாரம் நாலு கட்டம்’ என்று எழுதுவது, தன் நேரத்தில் ஒரு பங்கைத் தனக்கென்று கேட்பது. எழுதாவிட்டால் அந்த நேரம் போனதுகூடத் தெரியாது. எழுதி வைத்தால், கிடைக்காத வாரத்திலும், எதற்குப் போனது என்றாவது தெரியும். சில நாள் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் வீட்டில் பேச முடிந்திருக்கிறது.

எதை எண்ணுவது என்று யோசிக்கும்போதெல்லாம் ஜேன் ஸ்டிக்கிள் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பெண். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-ல் அவர் தைத்து முடித்த குயில்ட் இன்று பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய துணி வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே பார்வைக்கு வைக்கிறார்கள். அதில் 169 சதுரக் கட்டங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுத்தான் பெரியது. ஒரு மூலையில் நூலாலேயே சில விவரங்களைப் பதித்திருக்கிறார்: போர்க்காலம், ஆண்டு, துண்டுகள் 5602, தன் பெயர். எத்தனை நாள் ஆனது என்று அதில் இல்லை. அவருடைய பகல்களில் எவை வீட்டுக்குப் போயின, எவை துணிக்குக் கிடைத்தன என்று அந்த மூலை சொல்லாது. கை செய்ததை மட்டும் எண்ணியிருக்கிறார், அதையும் ஒன்றுகூட விடாமல். இன்றும் உலகெங்கும் அதே குயில்ட்டைத் தாமும் தைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு கட்டம் என்று வைத்தால், நடுவிலுள்ள சதுரங்கள் முடியவே மூன்றேகால் ஆண்டு. அதைத் தெரிந்துகொண்டே ஒருவர் முதல் கட்டத்தைத் தொடங்குகிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பு. ஸ்டிக்கிளைப் பார்த்துத்தான் என் டைரியில் மணிக்கணக்கு எழுதுவதை விட்டுவிட்டுக் கட்டங்களை எண்ணத் தொடங்கினேன்.

இலக்கை வேறொருவர் வைக்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமம் இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள், வயல்வேலை முடிந்து, கிழிந்த டெனிம் பேன்ட்டையும் மாவு மூட்டைத் துணியையும் ஒட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அளவும் வரைபடமும் இல்லை. கண் சொன்னதுதான் கணக்கு. 1966-ல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவை அந்தப் பகுதியில் தொடங்கினார்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரும் ஒப்பந்தம் வந்தது. உறைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. கையில் காசு பார்ப்பதே அரிதான ஊருக்கு அந்த வருமானம் எவ்வளவு பெரிது என்பதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அவற்றைக் கொண்டு தங்கள் மனம்போலத் தைத்தவை, 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சிக்குப் பிறகு உலகம் வியந்த குயில்ட்களோடு சேர்ந்து பேசப்படுகின்றன. எனக்கும் அவ்வப்போது தெரிந்தவர்களிடமிருந்து குழந்தைப் போர்வைக்கு ஆர்டர் வரும். அந்த வாரங்களில் இலக்கு தவறுவதே இல்லை. வீட்டில் யாரும் குறுக்கே வருவதும் இல்லை. தேதி பிறருடையதாக இருந்தால் எல்லாரும் மதிக்கிறார்கள். நான் எனக்கு வைத்துக்கொண்ட தேதிக்கும் அதே மதிப்பு வேண்டும் என்பதுதான் என் வாதம். அந்த மதிப்பை முதலில் தர வேண்டியவளும் நானே.

மிஷினில் தைப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தையலின் தொடக்கத்தில் நூல் சிக்கிக்கொள்ளாமலும், முடிவில் நூல் வீணாகாமலும் இருக்க, முன்னும் பின்னும் ஒரு கழிவுத்துண்டை ஊசிக்குக் கொடுப்பார்கள். அந்தக் கழிவுத்துண்டுக்குப் பதில், இணைக்க வேண்டிய இரண்டு சின்னச் சதுரங்களைக் கொடுத்தால் என்ன? அமெரிக்கக் குயில்ட் கலைஞர் போனி ஹன்டர் இந்த முறையைப் புத்தகம் எழுதிப் பரப்பினார். முதல் குயில்ட்டின் இரண்டு தையல்களுக்கு நடுவே, தனியாக நேரம் ஒதுக்காமலே, இரண்டாவது ஒன்று சேர்ந்துகொண்டு வரும். நானும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் சதுரங்களை வெட்டி வைத்திருக்கிறேன். டெய்லர் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி, பையனின் பழைய சட்டை, அத்தை கொடுத்த சுங்குடி எல்லாம் அதில் இருக்கின்றன. அப்படிச் சேர்ந்தது இப்போது தொட்டிலுக்கு விரிக்கிற அளவு வந்துவிட்டது. டைரியில் அதற்கு மட்டும் நான் எந்த வாரமும் இலக்கு எழுதியதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு நேரம் தேட வேண்டும். இப்போது அது மற்ற வேலைகளின் இடுக்கிலேயே வளர்கிறது. நாத்தனார் மகளுக்கு மாசியில் பிரசவம். இந்தச் சதுரங்கள் அதற்குள் நாலு பக்கமும் இன்னும் ஒரு வரிசை கூடிவிட்டால், ஓரப்பட்டி வைத்துக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.